சிவப்பு மருந்தும் ஜன்னல் கட்டிலும்

மார்ச் 3, திங்கள்

ஜன்னல் கட்டில் கிடைத்துவிட்டது. கிடைத்தது என்று எழுதுவது அடக்கத்துக்காக. நான் வாங்கினேன்.

வார்டில் ஆறு கட்டில். அதில் ஒன்றுதான் கிழக்கு ஜன்னலை ஒட்டியது. நேற்று சாயங்காலம் வந்ததும் கதவோரம் ஒரு மூலையைக் காட்டினார்கள். நாலு நாள் ஊசிக்குழாயோடு படுத்துக் கிடக்கப்போகிறவருக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டாமா என்று கேட்டேன். நர்ஸிடம் கேட்டேன், அவளுக்கு மேலே கேட்டேன், அதற்கும் மேலே கேட்டேன். கடைசியில் ஒருத்தர், இந்த அம்மாள் போனால் போதும் என்கிற முகத்தோடு தலையாட்டினார். வெளிநாட்டுக்காரனிடம் கர்ட்டன் நிறத்துக்கு வாதாடி வாதாடியே தலை நரைத்தவள் நான். ஒரு கட்டில் எனக்கு எம்மாத்திரம்.

கட்டிலில் இருப்பது கமலவேணி, என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு நங்கையா. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். பத்துப் போட்டோம். பிறகு அக்குளிலும் வந்தது. சதையில் துளி எடுத்துப் பார்த்து, நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். கரூரிலிருந்து கோவைக்கு வந்தோம். மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு தடவை மருந்து. ஒவ்வொரு தடவையும் நாலு நாள், இரவும் பகலும் விடாமல் இறங்க வேண்டும். இரண்டு தடவை முடிந்ததும் ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி அசைந்து சுருங்கியிருந்தால் இதே வழி. அசையவில்லை என்றால் வேறு வழி, அது இதைவிடக் கடினம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அசையும். எனக்குச் சந்தேகமே இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே கர்ட்டன் கம்பெனி. அவர் செக்கிங் சூப்பர்வைசர், நான் லேப். நான் பாஸ் போட்ட துணியை அவர் நிறுத்துவார். அவர் நிறுத்தியதை நான் மறுபடி பார்த்துப் பாஸ் போடுவேன். மாடியில் அவர் குடியிருக்கிறார், கீழே நாங்கள். அங்கே ரசத்துக்கும் இதே வழக்குத்தான். அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது, அவர் வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அதனால் நான் வந்திருக்கிறேன். வேறு ஆள் இருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று அவரிடமே சொன்னேன். நானும் வேறு ஆள் இருந்தால் உன்னைக் கூட்டி வந்திருக்க மாட்டேன் என்றார்.

காலையில் மருந்துப் பையை மாட்டினார்கள். பெரிய உப்புத்தண்ணீர்ப் பையில் மூன்று மருந்து கலந்தது. அதில் ஒன்று சிவப்பு, அதனால் பை முழுக்க வெளிர் சிவப்பு, கொஞ்சம் ஆரஞ்சு கலந்தாற்போல. நர்ஸ் அதன் மேல் ஒரு கறுப்பு உறையை மாட்டிவிட்டுப் போனாள். மார்பில் தோலுக்கடியில் ஒரு சின்ன மருந்து வாசல் பதித்திருக்கிறார்கள், போர்ட் என்கிறார்கள், அதன் வழியாக இறங்குகிறது.

நூல் மில்காரர் கொடுத்த இந்த டைரி வீட்டில் சும்மா கிடந்தது. காய்ச்சல் அளவு எழுத எடுத்து வந்தேன். காய்ச்சல் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

நான் ஃபிளாஸ்க் வாங்கப் போன நேரத்தில் அரவக்குறிச்சிச் சித்தி வந்திருக்கிறார். தலைமாட்டில் கறுப்பாக எதையோ தொங்கவிட்டிருக்கிறார்களே, விளங்குமா என்று அந்த உறையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். மஞ்சள் துணியில் காசு முடிந்து கம்பியில் கட்டிவிட்டு, கோயிலுக்கு வேண்டிக்கொண்டு, பழம் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். நங்கையா நல்ல தூக்கம்.

ஃபிளாஸ்க் வாங்கியவள் அப்படியே நாலு கடை ஏறி இறங்கினேன். கோவை வந்தால் ஏறத்தான் தோன்றும். திரும்பி வந்தால், காலை வெயில் முழுவதும் அந்தப் பையின் மேல். ஜன்னல் கட்டில் அல்லவா. சிவப்பு அப்படியே ஒளிர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட அழகாயிருக்குதுங்க என்றார்கள். ஒரு நிமிஷம் நானும் நின்று பார்த்தேன்.

பிறகு நர்ஸ் ஓடி வந்து வேறொரு உறையை மாட்டினாள். வெளிச்சம் படக்கூடாத மருந்து என்றாள். என்ன மருந்து என்று கேட்டு, பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, மத்தியானம் முழுக்கப் போனில் படித்தேன்.

இது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் சுரக்கும் சரக்கு. நாம் காய்ச்சலுக்குச் சாப்பிடுகிற ஆன்டிபயாடிக் வகையறாதான். ஆனால் கிருமியை அடிக்க அல்ல, கட்டியை அடிக்க. அதன் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வளையம் வளையமாக ஒட்டிய அந்த உடம்பு எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் சிவப்புச் சாயங்களில் ஒரு குடும்பத்துக்கு இதே எலும்புக்கூடு. நிறம் என்பதே வெளிச்சத்தை உறிஞ்சுவதுதான். உறிஞ்சிய வெளிச்சம் சும்மா இருக்காது, உள்ளே போய் அந்த வளையங்களை உடைக்கும். துணியாக இருந்தால் வெளுக்கும். மருந்தாக இருந்தால் மருந்தாக இருக்காது. இருபது வருஷமாகத் துணி எவ்வளவு வெயில் தாங்கும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

ஜன்னல் கட்டில் வாங்கியது நான்தான். அதனால் என்ன. உறையைக் கழற்றியது நான் இல்லை.

சாயங்காலம் நங்கையாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. முன்பே சொல்லியிருந்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ‘சாயம் எறங்குது வசந்தா, உன்ற லேப்ல பாஸ் போட்ட சரக்காட்டம் இருக்குது’ என்றார்.

மார்ச் 5, புதன்

மருந்து கலக்கும் பிரிவில் ரிஸ்வானா என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். எதையும் அவசரமில்லாமல் பேசுகிறாள், எனக்குத்தான் அவசரம். நேற்று வெயிலில் நின்ற பையில் எவ்வளவு மருந்து கெட்டிருக்கும், அதை மாற்றித் தர வேண்டாமா, அதில் ஒரு சொட்டு கொடுத்தால் எங்கள் லேபில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கொடுக்க மாட்டாளாம். கையில் பட்டால் புண்ணாகும் மருந்து, மிச்சமிருந்தால் தனி வாளியில் போட்டு எரிக்க வேண்டியது, பஸ்ஸில் கொண்டுபோகிற பொருள் இல்லை என்றாள். அது சரிதான்.

அப்போது ஒரு ஆள் ஊசிக்குழல் நிறைய இதே மருந்தைத் தட்டில் வைத்து எடுத்துப் போனான். ரத்தச் சிவப்பு. உறை இல்லை, ஒன்றுமில்லை. இதற்கு மட்டும் வெயில் படலாமா என்று மடக்கினேன். அவள் விளக்க வாயெடுப்பதற்குள் எனக்கே விடை வந்துவிட்டது. அடர்த்தியான சாயம் வெயிலைத் தாங்கும், வெளிர் நிறம்தான் முதலில் போகும். மெரூன் கர்ட்டன் வருஷக்கணக்கில் நிற்கும், அதே சாயத்தில் போட்ட ரோஸ் கர்ட்டன் ஒரு கோடைக்குத் தாங்காது. ஊசிக்குழலில் இருப்பது கெட்டி, ஐந்து நிமிஷத்தில் உள்ளே போய்விடும். எங்கள் பையில் இருப்பது துளி மருந்து, நிறையத் தண்ணீர், இரவு பகலாகத் தொங்குகிறது. வெளிச்சம் ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க நேரம் இருக்கிறது.

அதேதாங்க மேடம் என்றாள் ரிஸ்வானா. நேற்று உறை இல்லாமல் இருந்தது கொஞ்ச நேரம்தான், போயிருந்தாலும் சிறு பங்குதான் போயிருக்கும், டாக்டரிடம் சொல்லிவிட்டேன், அவர் மாற்ற வேண்டாம் என்றார், இனிமேல் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

சிறு பங்கு. எவ்வளவு சிறிது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்று இருப்பது எனக்குப் பிடிக்காது.

மார்ச் 6, வியாழன்

இட்லி. மருந்தை இறக்கும் பம்ப் கத்தல். இட்லி.

மார்ச் 8, சனி

கரூர் வந்து சேர்ந்தோம். வண்டியில் வழி நெடுக நங்கையா, காரசேவு வேண்டும் என்றார், வாங்கினால் வேண்டாம் என்றார். வீட்டுக்காரர் குழந்தைவேலு தானே ரசம் வைத்திருந்தார். புளி தூக்கல் என்று நங்கையா சொன்னார், உப்புக் குறைவு என்று நான் சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, வந்தாச்சு என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 17, திங்கள்

நங்கையாவுக்கு முடி கொட்டுகிறது.

உறைக்குத் துணி எடுத்தேன். ஆஸ்பத்திரிக் கறுப்பு உறை கிடைத்ததும் கழற்றிப் போட அரவக்குறிச்சியில் ஒரு சித்தி இருக்கிறார், ஒவ்வொரு ஊரிலும் ஒரு சித்தி இருப்பார். ஆகவே கழற்ற மனசு வராத உறை வேண்டும். எங்கள் இருட்டு கர்ட்டன் துணி இதற்காகவே பிறந்தது. முன்பக்கம் எந்த நிறமும் போடலாம், பின்பக்கம் மூன்று பூச்சு, நடுப் பூச்சுதான் கறுப்பு, அது வெளியே தெரியாது. நட்சத்திர ஓட்டல்காரன் பட்டப்பகலில் தூங்குவது இதை வைத்துத்தான். சாம்பிள் அறையில் இருந்த துண்டுகளை எல்லாம் வாரிக்கொண்டு மாடிக்குப் போய்க் கட்டிலில் பரப்பினேன். அவர் தலையில் துண்டு கட்டியிருந்தார். மயில் கழுத்துப் பச்சையைத் தொட்டார். அந்த லாட் துணியில் கரையோரம் நிறம் ஒரு மாற்றுக் குறைவு என்று குறையும் சொன்னார். குறைவே இல்லை.

மார்ச் 19, புதன்

தைத்தாயிற்று. ரிஸ்வானாவிடம் போனில் கேட்டுக்கொண்டேதான் தைத்தேன். பையின் மேல் ஒட்டிய சீட்டை நர்ஸ் படிக்க வேண்டும், மருந்து எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும், துவைக்க வர வேண்டும் என்றாள். முன்பக்கம் ஒட்டித் திறக்கும் மூடி ஒன்று வைத்தேன். குழாய்க்கும் நீளமாக ஒரு கை. பை மட்டும் மூடிக் குழாயை வெயிலில் விட்டால் என்ன பிரயோஜனம். அவள் அதைக் கேட்டு, நல்ல யோசனைங்க மேடம் என்றாள். எனக்குத் தெரியும்.

மார்ச் 21, வெள்ளி

உறைக்குள் நீலக் கம்பளி அட்டையை வைத்தேன். வெயிலில் எவ்வளவு சீக்கிரம் வெளுக்கும் என்று அளவு தெரிந்த அட்டை, லேபில் எங்களுக்கு அதுதான் தராசு. வெயிலுக்குப் பதிலாக எரிகிற பெரிய விளக்குப் பெட்டியில் ஒரு நாள் முழுக்க விட்டேன். வெளியே வைத்த அட்டை வெளுத்துப் போயிற்று, உள்ளே வைத்தது அப்படியே இருந்தது. பாஸ்.

சாப்பிடும்போது குழந்தைவேலு, அக்காளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அட்டை கொஞ்சம்கூட வெளுக்கவில்லை என்று சொன்னேன். நான் அக்காளைக் கேட்டேன் என்றார்.

நல்லாத்தான் இருக்கிறார். வேறென்ன.

மார்ச் 24, திங்கள்

கோவை. இரண்டாம் தடவை. அதே ஜன்னல் கட்டில், இந்த முறை சண்டை போடாமலே கொடுத்தார்கள். மயில் கழுத்து உறை மாட்டியாயிற்று. வார்டே வந்து பார்த்தது. எதிர்க் கட்டில் பல்லடத்துக்காரம்மாள் தனக்கொன்று வேண்டும் என்றார், குங்குமக் கலரில். மூலைக் கட்டில் வாத்தியார் கட்டம் போட்டதாகக் கேட்டார். இந்த வார்டில் இனி ஒருத்தரும் உறையைக் கழற்ற மாட்டார்கள்.

லேபிலிருந்து சிவப்பு நிற அட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். பை புதிதாக வந்தபோது எந்த நிறத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். இனி அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு மாற்றுக் குறைந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. நிறம் பார்ப்பதை டியூப் லைட்டில் செய்யக் கூடாது, பொய் சொல்லும். ஜன்னல் வெளிச்சம்தான் சரி. எங்கள் தொழிலில் முதல் நாளே கற்றுக்கொடுப்பது அது.

காபிக்கு முன்னால் பார்த்தேன். பாஸ். காபிக்குப் பிறகு பார்த்தேன். பாஸ்.

மார்ச் 25, செவ்வாய்

நங்கையாவுக்கு வாய்ப்புண். மோரும் ரசஞ்சாதமும் மட்டும். பேச்சும் குறைந்திருக்கிறது.

எழுந்ததும் நிறம் பார்த்தேன். பாஸ். டாக்டர் வந்து போனதும் பார்த்தேன். அவர் கழுத்தைத் தடவி, முன்பைவிட மெத்தென்று இருக்கிறது, ஸ்கேனில் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம். உடனே மூடியைத் திறந்து, பையைக் கம்பியோடு ஜன்னல் பக்கம் திருப்பி, அட்டையோடு வைத்து, வெயில் நன்றாக விழும்படி பிடித்துப் பார்த்தேன். துளி மாற்றம் இல்லை. மத்தியானம் பார்த்தேன், அவர் தூங்கும்போது பார்த்தேன், பல்லடத்துக்காரம்மாளின் பையையும் பார்த்துச் சொன்னேன். எல்லாம் பாஸ். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

நிம்மதியாக இருப்பதால் திரும்பவும் ஒரு முறை பார்த்தேன்.

மார்ச் 26, புதன்

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. மூடியைத் திறந்து, பையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அட்டையைப் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நங்கையா தூங்குகிறார் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

‘வசந்தா,’ என்றார். ‘வெயில் படக்கூடாதுன்னு ஒறை தெச்ச. அந்த ஒறையத் தொறந்து வெயில்ல தூக்கிக் காட்டி, வெயில் பட்டுருச்சான்னு பாக்கற. இதுக்கு ஒனக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க.’

எதிர்க் கட்டிலில் பல்லடத்துக்காரம்மாள் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். வாத்தியார் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். கதவோரம் ரிஸ்வானா வேறு நின்றாள். நானே இன்னைக்குச் சொல்லலாம்னுதாங்க மேடம் வந்தேன் என்றாள், எப்போதும்போல அவசரமே இல்லாமல். அதோடு விடாமல், கண்ணால் பார்த்து நிறம் மாறிப்போச்சு என்று தெரிவதற்குள் மருந்து நிறையவே கெட்டிருக்கும், நிறம் அப்படியே இருப்பதால் மருந்தும் முழுசாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்றாள். நீங்கள் பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் பெரிதாக ஒன்றும் போயிருக்காது, ஆனால் போதும் என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தொழில் தெரிந்தவள் நிறம் பார்க்காமல் வேறு என்ன செய்வாள் என்றேன். நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டும், அது உலக வழக்கம் என்றேன். கேன்டீனுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப்போயிற்று.

மார்ச் 27, வியாழன்

நேற்றைய கணக்கைத் தீர்க்க வேண்டாமா. ராத்திரியே கரூருக்குப் போன் போட்டு, கோவை வருகிற எங்கள் லாரியில் இரண்டு இருட்டு கர்ட்டன் அனுப்பச் சொன்னேன். விடிந்ததும் வந்துவிட்டது. நர்ஸிடம் கேட்டு ஜன்னலுக்கு மாட்டினேன். ஒரு கீற்று உள்ளே வராது, நம்ம சரக்கு. இனி உறையை யார் திறந்தால் என்ன, சூரியனே வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். அட்டையைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.

மத்தியானம் நங்கையா சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். மோர் வேண்டாம் என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உடம்பு முடியவில்லையா, நர்ஸைக் கூப்பிடவா என்று கேட்டேன். கூப்பிட வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு சொன்னார்.

‘மருந்துக்குத்தான் வெளிச்சம் ஆகாது. எனக்கு ஆகும், வசந்தா.’

நான் மோர் டம்ளரை மூடி வைத்தேன்.

‘எனக்காக நின்னு சண்டை போட்டு இந்தக் கட்டில வாங்குன. அத நெனச்சு சந்தோசமாப் படுத்திருந்தேன். இப்ப நீயே மூடி வெச்சுட்ட.’ என் பக்கம் திரும்பி, ‘பயமா இருந்துச்சுன்னா பயமா இருக்குதுன்னு சொல்லு. எப்பப் பாரு அந்தப் பையவே பாக்கற. முடி கொட்டுனதுல இருந்து நீ என்ற மூஞ்சியப் பாக்கல. என்னையப் பாரு.’

கர்ட்டனைத் திறந்தேன். வெயில் வந்து கட்டிலில் விழுந்தது. உறை மூடியிருந்தது, குழாய்க்குக் கை இருந்தது, மருந்துக்கு ஒரு குறையும் இல்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

துண்டு நழுவியிருந்தது. தலை சின்னதாக இருக்கிறது. காதுக்குப் பின்னால் ஒரு மச்சம், இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. புருவம் பாதி போயிருந்தது. உதட்டோரம் வெடித்திருந்தது. கண் மட்டும் அதே செக்கிங் சூப்பர்வைசர் கண், என்ன குறை கண்டுபிடிக்கலாம் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தில் நெறி இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். முன்பு எலுமிச்சங்காய் அளவுக்கு இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை என்று தோன்றியது. தோன்றியதுதான், எனக்கு அளவு தெரியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றைக்கு வெயிலில் நின்ற அந்தப் பை கண்ணை விட்டுப் போகவில்லை. நான் கடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். இவர் இல்லாத மாடியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்படியே சொன்னேன், அழுதும் தொலைத்தேன். அவர் மோர் கேட்டார். கொடுத்தேன். உப்பு அதிகம் என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

கரூர். குழந்தைவேலு, அக்காளுக்கு எப்படி என்று கேட்டார். காதுக்குப் பின்னால் மச்சம் இருக்கிறது என்றேன். அது பிறந்ததிலிருந்து இருக்குது என்று சிரித்தார்.

ஏப்ரல் 5, சனி

பல்லடத்துக்குக் குங்குமக் கலர், வாத்தியாருக்குக் கட்டம். இரண்டும் தைத்து முடித்தேன். முன் மூடியைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். சீட்டும் அளவுக்கோடும் தெரிந்தால் போதும், அதற்கு மேல் யாருக்கும் பார்க்க வேலை இல்லை. நங்கையா மாடியிலிருந்து இறங்கி வந்து தையலை இழுத்து இழுத்துப் பார்த்து, ஓர் இடத்தில் பிரிக்கச் சொன்னார். பிரித்துத் தைத்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஸ்கேன். உள்ளே போய் வர நேரமாயிற்று. அவர் கையிலிருந்த வளையல்கள் என் கையில். வெளியே உட்கார்ந்து, பயமாக இருக்கிறது என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் சொன்னேன். அவரும் தனக்கும் அப்படித்தான் என்றார். நன்றாக இருந்தது.

ஏப்ரல் 12, சனி

டாக்டர் இரண்டு ஸ்கேன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நோய் இருக்கிற இடம் அதில் பிரகாசமாகத் தெரியுமாம். பழைய படத்தில் கழுத்து, அக்குள், மார்புக்கு நடுவில் என்று திருவிழா மாதிரி விளக்கெரிந்தது. புதுப் படத்தில் கிட்டத்தட்ட எல்லாம் அணைந்திருந்தது. மருந்து நன்றாக வேலை செய்கிறது, வழியை மாற்ற வேண்டியதில்லை, இதையே தொடரலாம் என்றார். முதல் தடவை வெயில் பட்டதே என்று கேட்டேன். அதில் ஏதாவது போயிருந்தால்கூட மிச்சம் இருந்தது தன் வேலையைச் செய்திருக்கிறது அம்மா என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் நங்கையா இரண்டு படத்தையும் வாங்கி நேரே ஜன்னலுக்குப் போனார். ரிஸ்வானா எதிரே வந்தாள். இதை வெளிச்சத்தில் காட்டலாமா என்று கேட்டேன். எவ்வளவு வேணும்னாலும் காட்டுங்க மேடம் என்றாள்.

நங்கையா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாஸ் என்றேன் நான். அவர் விரலை வைத்துக் காட்டினார், கழுத்தோரம் பொட்டு அளவுக்கு ஒரு மினுக்கல். பாஸ் இல்லை, ரீ-பிராசஸ், திரும்பவும் சாயத்தொட்டிக்கு என்றார். அதற்குத்தான் மிச்சம் நாலு தடவை என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஆகவே இந்த ஒரு முறை அவர் சொன்னது சரி.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை ஒன்று

நேற்று மாலையே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். ஜன்னல் கட்டில். இருட்டு கர்ட்டன்களை நர்ஸ்கள் தங்கள் ஓய்வு அறைக்குக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

விடியும் முன் எழுந்து ஜன்னல் திண்டில் சித்திரைக்கனி வைத்தேன். மாம்பழம், எலுமிச்சை, வாழைப்பழம், கொன்றைப்பூ கிடைக்காததால் செவ்வந்தி, நடுவில் கண்ணாடி. ஆஸ்பத்திரியில் இருந்தால் வருஷம் பிறக்காதா என்ன. வெளியே வெளுத்து, பழங்களின் மேல் முதல் வெளிச்சம் வந்ததும் நங்கையாவின் தோளைத் தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டே எழுந்து உட்காருங்கள், நான் திருப்பிவிடுகிறேன், முதலில் கனியைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டினார். உட்கார்ந்தார். நான் திருப்புவதற்குள் கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தார்.

‘நங்கையா, கனி அந்தப் பக்கம் இருக்குதுங்க’ என்றேன்.

‘தெரியும்,’ என்றார். ‘உன்ற மூஞ்சியப் பாத்தாச்சு. இனி வருசம் பூராவும் இப்படித்தான் போகும்.’

ஒன்பது மணிக்குச் சிவப்புப் பையை மாட்டி உறையைப் போட்டார்கள். நான் திறந்து பார்க்கவில்லை.